சமோசாவுக்காக எழுதிய விமர்சனம்

கைதட்டல் சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

கன்னத்தில் கோரைப்பாயின் வரிகள் அச்சாகியிருந்தன. கடைவாயில் எச்சில். எதிரே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. சுற்றிலும் இருபது பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. தொடங்கியதே எனக்குச் சரியாக நினைவில்லை.

நானும் தட்டினேன். தாமதமாகச் சேர்ந்ததை ஈடுகட்ட, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினேன்.

அந்த இரண்டு தட்டுதான் வினையாகிப்போனது. எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிற நிவேதா அக்கா முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார். "பாருங்க, தேசப்பனுக்கு எவ்வளவு பிடிச்சிருக்குன்னு" என்றார். நான் மெதுவாகத் தலையை மட்டும் அசைத்தேன். வாயைத் திறந்தால் கொட்டாவி வந்துவிடும் என்ற பயம். அதை அவர் உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார்.

நண்டு கடித்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. "கைல கடிச்சுதுன்னு எழுதியிருக்கக் கூடாதா" என்பது அவர் வருத்தம். அவருக்கு ஒரு உறுதி தருகிறேன். இந்த வாரம் யாரையும் எதுவும் கடிக்கவில்லை. மானம் போகிறதுதான், ஆனால் வேறு வழியாக.

மனசுக்குள்ள ஃபைட்டு

கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, புயல் பாதுகாப்புக் கட்டடம் இருக்கிறது. புயல் வந்தால் ஊரே அதற்குள்தான். புயல் வராத நாட்களில் அங்கே வலை காயும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள், ஊர்க்கூட்டம் நடந்து சண்டையில் முடியும்.

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சென்னையிலிருந்து நிவேதா அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கால் வைக்கிற இடத்தில் ப்ரொஜெக்டர், பின்சீட்டில் ஸ்பீக்கர், தோளில் மடித்த வெள்ளைத் துணி.

பொதுவாக எங்கள் பக்கம் வெளியூர்க்காரர்கள் இரண்டு காரியத்துக்குத்தான் வருவார்கள். ஒன்று, ஏரியில் பூநாரை பார்க்க. இன்னொன்று, பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறை பார்க்க. பறவையும் பிணமும் பார்த்துவிட்டு, நடுவில் இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்குப் படம் காட்ட என்று வந்த முதல் ஆள் இவர்தான்.

"மீனவ கிராமத்துப் பிள்ளைங்க நல்ல சினிமா பாக்கணும்னு எங்க குழு ஆசைப்படுது" என்றார்.

"நல்ல சினிமான்னா இன்னாக்கா?" என்றான் சீலன். மாதா கோயில் தெருப் பையன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம் அவனுடையது.

"வேற மாதிரி சினிமா. பெரிய கம்பெனி எடுக்காதது. தனியாளா கஷ்டப்பட்டு எடுத்தது."

"ஃபைட்டு இருக்குமா?"

"இருக்கும். மனசுக்குள்ள இருக்கும்."

சீலன் எழுந்து செருப்பைத் தேடினான். நானும் எழுந்தேன். அப்போதுதான் அக்கா ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்தார். பழவேற்காடு கடைத்தெரு சமோசா. வெங்காயம் பொதிந்து, ஓரம் கருகி, பெட்டியின் அடி எண்ணெயில் கண்ணாடியாகிவிட்டிருந்தது. "படம் முடிஞ்சதும் உங்களுக்கு என்ன தோணுச்சோ அதை ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கணும். கொடுக்கறவங்களுக்கு சமோசா."

சீலன் செருப்பைக் கழற்றினான்.

ஆடும் சிலிண்டரும்

முதல் படத்தில் ஓர் ஆடு வந்தது. ஒரு கிழவர் அதை விற்கச் சந்தைக்கு நடக்கிறார். நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். நடுவில் ஆடு நின்று எங்களையே பார்த்தது. நாங்களும் பார்த்தோம். யார் முதலில் கண்ணைச் சிமிட்டுவது என்று ஒரு போட்டி மாதிரி ஆகிவிட்டது. ஆடுதான் ஜெயித்தது.

"ஆடு நன்றாக நடித்திருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் விமர்சனம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது படத்தில் பின்னணி இசையே கிடையாது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த சீலன், ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்து, குனிந்தபடி போய் அதை அழுத்திச் செருகினான். ப்ரொஜெக்டர் அணைந்துபோனது. மறுபடி படம் வந்தபோது அதே பெண் அதே ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். எதையும் தவறவிடவில்லை என்று நிம்மதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மூன்றாவது, கேஸ் சிலிண்டருக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கதை. முழுப் படமும் காத்திருக்கிறார்கள். சிலிண்டர் வந்து சேர்ந்த கணத்தில் படம் முடிந்துவிட்டது. அன்று பெண்களையும் அழைத்திருந்தார் அக்கா. அம்மா முழுக்கப் பார்த்துவிட்டு, "அடுப்பக்கூடப் பத்த வைக்காம முடிச்சிட்டாங்களே, பால் வச்சாங்களா இல்லையா?" என்று அக்காவிடம் கேட்டார். அது இயக்குநருக்கே தெரியாது என்றார் அக்கா. "அப்ப இன்னாத்துக்குப் படம் எடுத்தாரு" என்று அம்மா கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

சீலன் எல்லாப் படத்துக்கும் ஒரே வரிதான் எழுதுவான். "படம் பார்த்தேன். பசிக்கிறது." அவனுக்கும் ஒரு சமோசா, எனக்கும் ஒரு சமோசா. இது எனக்கு உறுத்தியது. கொஞ்சம் அதிகமாக எழுதினால் இரண்டு கிடைக்குமோ என்று தோன்றியது.

டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் ஒரு சினிமா விமர்சனம் இருந்தது. எண்ணெய் போக மிச்சமிருந்த இடத்தில் மூன்று வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்தன. மௌனம், தனிமை, வெறுமை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மௌனத்தின் வெறுமை. வெறுமையின் தனிமை. தனிமையின் மௌனம். எப்படிப் போட்டாலும் நின்றது. உப்பு, புளி, மிளகாய் போல. ஆட்டுக்குப் போட்டாலும் குழம்பு, சிலிண்டருக்குப் போட்டாலும் குழம்பு.

அடுத்த ஞாயிறே எனக்கு இரண்டு சமோசா கிடைத்தது.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது. இந்த மூன்று வார்த்தைகளும் கையில் இருந்தால் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மதிய நேரம், ஜன்னலில் நீலத் தார்ப்பாய், உள்ளே ஏரிக்குள் மூழ்கியது போல ஒரு நீல வெளிச்சம், வெளியே காயும் கருவாட்டு வாசனை. நான் படுத்துக்கொண்டேன்.

பாடை

தூங்கி எழுந்து கைதட்டினேன் என்றேனே, அது ஐந்தாவது படம். ஏதோ குளிர் தேசத்துப் படம். அதன் பெயர் அன்றும் வாயில் நுழையவில்லை, இன்றும் நுழையவில்லை.

தாளை வாங்கிக்கொண்டு சீலன் காதில் கேட்டேன். "கதை இன்னாடா?"

"ஏரி. ஒரு ஆளு படகுல குந்திக்கினு இருந்தான்."

"அப்புறம்?"

"குந்திக்கினேதான் இருந்தான்."

"கடசில?"

"படகு இருந்துச்சு. ஆளு இல்ல."

எனக்கு இது போதும். இப்படி எழுதினேன்: "இந்தப் படத்தில் மௌனம்தான் பேசுகிறது. ஏரியின் தனிமையும் மனிதனின் வெறுமையும் ஒன்றாகக் கலக்கின்றன. கடைசியில் வெற்றுப் படகு. அவன் இறந்துவிட்டான். அந்தப் படகுதான் அவனுடைய பாடை."

நிவேதா அக்கா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அன்று எனக்கு மூன்று சமோசா. சீலனுக்கு வயிற்றெரிச்சல். "நான் சொன்ன கதடா அது" என்று வீடு வரை புலம்பிக்கொண்டே வந்தான். அரைச் சமோசாவைப் பிய்த்துக் கொடுத்து அவன் வாயை அடைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா ஒரு படிவத்தோடு வந்தார். கோடை விடுமுறையில் சென்னையில் பத்து நாள் சினிமா முகாம். ஓர் ஊருக்கு ஒரே ஒரு பிள்ளை. தினம் மூன்று படம், அதை எடுத்தவர்களோடு பேச்சு, கேமராவைக் கையில் தந்து கற்றுக்கொடுப்பார்கள். எங்கள் ஊருக்கு அவர் தேர்ந்தெடுத்தது என்னை. பாடை எழுதிய கைக்குக் கிடைத்த பரிசு.

சாதாரணமாக இந்த இடத்தில் ஒரு மோசடிக்காரன் பின்வாங்கியிருப்பான். எனக்கோ போயே ஆக வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏரியில் கால் வைத்தால் எனக்குத் தலை சுற்றும். கடலில்கூட இல்லை, ஏரியில். இடுப்பளவு தண்ணீரில் படகு லேசாக ஆடினால் போதும், காலையில் சாப்பிட்டதை மீன்களுக்குக் கொடுத்துவிடுவேன். அந்தக் கோடையில் என்னைத் தினமும் படகில் ஏற்றப்போவதாக நைனா முடிவு செய்திருந்தார்.

படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்று பெற்றோர் கையெழுத்து. மற்றது பெற்றோரின் கருத்து.

நைனாவின் கேள்வி

என் நைனா எல்லப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொன்னேரியில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து படகில் கதை சொன்னார் என்றால், அந்தக் கதை படத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாக ஓடும். வில்லன் பிடிக்கவில்லை என்றால் இடைவேளைக்கு முன்பே கொன்றுவிடுவார். கதாநாயகியின் அப்பா அவரைப் போலவே நல்லவராக மாறிவிடுவார். அப்புறம் அந்தப் படத்தைப் போய்ப் பார்க்கிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

படிவத்தை அவரிடம் கொடுத்தபோது கரையில் வலையைக் குலுக்கிப் பாசி உதிர்த்துக்கொண்டிருந்தார். கூட என் மாமா முனுசாமி, அம்மாவின் அண்ணன். நைனாவும் மாமாவும் ஒரே குழு.

நைனா படிவத்தை இரண்டு பக்கமும் படித்தார். "பத்து நாளும் படம் பாப்பியா?"

"ஆமா நைனா."

"அந்தப் பத்து நாள்ல நம்ம பாடு மூணு தபா வருது. கை ஒண்ணு கொறயும்."

எங்கள் ஏரியில் இறால் நிற்கிற இடங்களில் நினைத்தவன் நினைத்தபோது வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். இன்றைக்கு இந்தக் குழு, நாளைக்கு அடுத்த குழு. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. தன் பாடு இல்லாத நாளில் இறால் துள்ளி மடியிலேயே விழுந்தாலும் ஒருவன் வலையைத் தொடக் கூடாது. தொட்டால் ஊர்க்கூட்டம்.

"கை கொறஞ்சா இன்னா மாப்ள, இவன் வந்தா மட்டும் வாந்திதான் எடுக்கப் போறான்" என்றார் மாமா. எனக்காகப் பேசுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நைனா என்னையே பார்த்தார். "ஒண்ணு கேக்குறேன், நெஜத்தச் சொல்லு. உனக்குப் படம் புடிச்சிருக்குதா, இல்ல படகு புடிக்கலயா?"

நான் படிவத்தைப் பார்த்தேன், மண்ணைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன்.

"சரி" என்றார் நைனா. "படகுக்குப் பயந்துக்கினு ஓடறதுன்னா கையெழுத்து கெடையாது. படத்த நெஜமா பாக்கறவன்னா போய்ட்டு வா. இவன் ஏதோ பெருசா எழுதிட்டான்னு அந்தப் பொண்ணு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்குது. அந்தப் படத்தயே போடச் சொல்லு. நானும் வந்து குந்தறேன். பாத்துட்டு சொல்றேன்."



ஊரே பார்த்த படம்

அந்த ஞாயிறு புயல் கட்டடத்தில் புயல் அறிவித்தது போலக் கூட்டம். நைனா, மாமா, அவர்கள் குழுவில் மீதி ஆட்கள், அம்மா, அம்மாவோடு பழவேற்காட்டில் மீன் விற்கிற பெண்கள். படத்துக்கு முன்னால் நிவேதா அக்கா என் தாளை எடுத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பாடை என்ற இடத்தில் குரலை இறக்கினார். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். சீலன் சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

படம் தொடங்கியது. வெள்ளைக்கார தேசம், கறுப்பு வெள்ளையில் ஓர் ஏரி. தொப்பி போட்ட ஓர் ஆள் படகில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் வலை. அவன் அதைத் தொடவில்லை.

ஐந்து நிமிடத்தில் நைனா எழுந்து போய்விடுவார், அதோடு என் சென்னையும் போய்விடும் என்று நினைத்தேன். அவரிடமிருந்து ஒரு முனகல் வந்தது.

"காத்து திரும்புது."

"ஆமாமா" என்றார் மாமா. "தண்ணி மேல பாரு."

"தொப்பிக்காரனுக்குத் தெரிஞ்சிடுச்சு. கழுத்தத் திருப்பறான் பாரு."

நான் திரையைப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு திரையைப் பார்க்கவில்லை. சுவரோரம் நகர்ந்து நைனாவின் முகம் தெரிகிற இடமாக உட்கார்ந்துகொண்டேன். அவருக்குப் பிடிக்கிறதா, இல்லையா? கையெழுத்து உண்டா, கிடையாதா? எனக்கு வேண்டிய படம் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நடந்தது மாமாவின் முனகலாக மட்டும் காதில் விழுந்தது.

ஒன்றரை மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. படம் முடிந்ததும் கைதட்டவும் இல்லை. நேராகச் சண்டையில் இறங்கினார்கள்.

"பொண்டாட்டி கோச்சிக்கினு போய்ட்டா மாப்ள" என்றார் மாமா. "அதான் வலையத் தொட மனசில்லாம குந்திக்கினு இருக்கான்."

"பொண்டாட்டிய எங்க காட்டினான்?"

"காட்டல. அதான் போய்ட்டாளே."

நைனா கையை வீசினார். "அதெல்லாம் இல்ல மச்சான். அவனுக்கு இன்னிக்குப் பாடு இல்ல."

அக்கா திரும்பினார். "பாடா?"

"ஆமா பாப்பா. இன்னிக்கு மொற வேறாளோடது. நடுவுல இன்னொரு படகு வந்து அதே எடத்துல வலை போட்டுச்சில்ல? இவன் ஒரு வார்த்த கேக்கல. தன் மொறயா இருந்தா உட்டிருப்பானா? இவனுக்கு நாளைக்குப் பாடு. இறால் எந்தப் பக்கம் நிக்குதுன்னு இன்னிக்கே நோட்டம் பாக்க வந்திருக்கான்."

அந்த ஊரில் இறால் உண்டா, பாடு உண்டா என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஏரி என்று இருந்தால் பாடு இல்லாமல் எப்படி இருக்கும்.

"படகுல கூடையே இல்ல" என்று பின்னாலிருந்து அம்மா சொன்னார். "மீன் புடிக்க வர்றவன் கூடை இல்லாமயா வருவான்? வேடிக்க பாக்கத்தான் வந்திருக்கான்."

பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். கூடையை அவர்கள் அத்தனை பேரும் தேடியிருக்கிறார்கள்.

"ஆனா கடசில ஆளு செத்துப்போறான்னு பையன் எழுதியிருக்கானே" என்றார் மாமா. மாமாவின் நல்ல குணம் இது. சரியான நேரத்தில் சரியான குழியைத் தோண்டித் தருவார்.

"எங்க செத்தான்?" என்றார் நைனா. "கடசில படகு கரையில நின்னுச்சே, மேல சாத்தியிருந்த கழிய யாராச்சும் பாத்தீங்களா?"

அக்கா படத்தைப் பின்னால் ஓட்டிக் கடைசிக் காட்சியில் நிறுத்தினார். வெற்றுப் படகு. அதில் சாய்த்து வைத்த மூங்கில் கழி போன்ற ஒன்று. அதன் கீழ்ப் பாதி கறுத்திருந்தது, மேல் பாதி வெளிறியிருந்தது.

"கீழ்ப்பாதி ஈரம்" என்றார் நைனா. "இப்பத்தான் தண்ணில ஊனித் தள்ளிக்கினு வந்து கரையில உட்டுட்டு எறங்கிப் போயிருக்கான். செத்தவன் கழி ஊனுவானா?"

அக்கா துணியருகே போய் நின்று அந்தக் கறுப்பையே பார்த்தார். "இந்தப் படத்த நான் பதினோரு தடவ பாத்திருக்கேன்ணே" என்றார்.

நைனா என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியும், திரும்புவார் என்று.

விசாரணை

"நீ ரெண்டு தபா பாத்த இல்ல?"

"பாத்தேன் நைனா."

"நடுவுல வந்த படகுல எத்தினி பேரு?"

எங்கள் ஊரில் ஒரு படகில் குறைந்தது இரண்டு பேர் போவார்கள். "ரெண்டு பேரு" என்றேன்.

கட்டடம் முழுக்கச் சிரித்தது. "ஒருத்தன்டா" என்றார் நைனா. "ஒருத்தன், ஒரு நாய்."

"நாய் குலச்சுதுடா" என்றான் சீலன். "ரெண்டு தபா."

அக்கா சிரிக்கவில்லை. கையில் என் தாளை வைத்திருந்தார். அதை மடிப்பதா வேண்டாமா என்று தெரியாதவர் போல விரலால் அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"மொத தபா தூங்கிட்டேங்க்கா" என்றேன். "சீலன்தான் கதை சொன்னான். மத்த படத்துக்கும் பாதிக்கு மேல தூக்கந்தான்."

"இந்தத் தபா?" என்றார் நைனா.

"இந்தத் தபா தூங்கல. படத்தையும் பாக்கல. உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"என் மூஞ்சில இன்னாடா ஓடுது?"

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கையெழுத்து போய்விட்டது என்று தெரிந்த பிறகு இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற தைரியமாக இருக்கலாம்.

"காத்து திரும்புதுன்னு சொன்னியே, அதுக்கு முன்னாடியே மூக்கத் தூக்கின. நாய்ப் படகு வந்தப்ப உன் வலது கை மேல வந்துச்சு, தள்ளிப் போன்னு சொல்றாப்பல. அப்புறம் நீயே எறக்கித் தொடை மேல வச்சிக்கின. நாய்க்காரன் வலைய சுருட்டி வச்சப்ப உன் விரலும் சுருட்டுச்சு. கடசில படகு மட்டும் நின்னுச்சே, அப்ப நீ கண்ணே கொட்டல. உதடு மட்டும் ஆடிக்கினு இருந்துச்சு, இன்னாவோ எண்ணறாப்பல."

தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது.

"அலைய எண்ணிக்கினு இருந்தேன்" என்றார் நைனா, கொஞ்சம் மெதுவாக.

"அப்புறம் அவன் சுருட்டு பத்த வச்சப்ப நீ சட்டப் பாக்கெட்டத் தொட்டுப் பாத்துக்கின."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். பீடியை விட்டுவிட்டேன் என்று நைனா மாதா கோயிலிலும் அம்மன் கோயிலிலும் ஒரே வாரத்தில் சத்தியம் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"பாக்கெட்ல இன்னாயா இருக்குது?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்ல."

"எழுந்து இப்பிடி வா."

"படத்தப் பத்திப் பேசிக்கினு இருக்கோம்."

"நானும் படத்தப் பத்தித்தான் கேக்குறேன். வா."

மாமா அவசரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அவர் சட்டையிலும் பாக்கெட் உண்டு.

புதுத் தாள்

அந்தச் சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா என் பழைய தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

நான் எழுதினேன். முதல் வரி, "போன தடவை எழுதியது பொய். அவன் சாகவில்லை." இரண்டாவது வரி, "படகில் நாய் இருந்ததாம்." அப்புறம் நைனாவின் முகத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம். மௌனம், தனிமை, வெறுமை மூன்றும் வரவில்லை. எங்கே சொருகலாம் என்று பார்த்தேன், இடம் கிடைக்கவில்லை.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது அட்டைப் பெட்டி காலியாக இருந்தது. என் பங்கு சமோசாவை மாமா கையில் வைத்துக்கொண்டு, பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதுதான் சரி என்று கடைசிக் கடியோடு இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டுக்குப் பிறகு நான் பார்த்து எழுதிய முதல் விமர்சனத்துக்குக் கூலி கிடைக்கவில்லை.

தாளை அக்கா படித்துவிட்டு நைனாவிடம் கொடுத்தார். நைனா ஜன்னலோரம் போய், தார்ப்பாயை விலக்கி, வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். பாக்கெட் வரி வந்த இடத்தில் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"போன தபா கேட்டதுக்கு நீ பதில் சொல்லல" என்றார். "படம் புடிச்சிருக்குதா, படகு புடிக்கலயா?"

"ரெண்டும் நைனா."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார். "படிவத்தக் குடு."

கவிழ்த்துப் போட்டிருந்த ஐஸ் பெட்டி மேல் வைத்து, பேனாவை ஒருமுறை உதறி, முதலெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெற்றோரின் கருத்து என்ற கட்டத்தில் பேனா நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, "நல்ல பையன்னு எழுதுயா" என்றார். நைனா என்னைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார், அப்புறம் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதி மடித்துக் கொடுத்தார்.

பொன்னேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். மூன்றே வார்த்தைகள்.

"தூங்கினால் தட்டி எழுப்பவும்."

அந்தப் பத்து நாளில் ஐந்து முறை எழுப்பினார்கள்.